சொன்ன பிள்ளை எதையும் இழக்கக் கூடாது

வட்ஸ்அப்பில் ஒரு பிள்ளையின் படத்தை ஸ்ரிக்கராக மாற்ற ஒரு நிமிசம் கூடத் தேவையில்லை. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் ஓடி விழுந்த நேரம் யாரோ எடுத்த படம். பின்னணியை வெட்டி, முகத்துக்குக் கீழே ஒரு பட்டப்பெயரை எழுதி வகுப்புக் குறூப்பில் போட்டால் சரி. அட்மின் நல்ல பிள்ளையாக இருந்தால் அதை அழித்துவிடும். ஆனால் அதற்குள் பல போன்களில் ஸ்ரிக்கர் சேமிக்கப்பட்டிருக்கும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை "நாளைக்குக் கணிதப் பாடம் இருக்கோ?" என்று குறூப்பில் கேட்டால் பதிலுக்கு அந்த ஸ்ரிக்கர் வரும். விஞ்ஞான ஒப்படை பற்றிக் கேட்டாலும் அதுதான் வரும். முதலில் செய்தது யார் என்று ஸ்ரிக்கரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவரும் ஒரு கெட்ட சொல்லைக்கூட எழுதியிருக்க மாட்டார்கள். அதனால்தான் பெரியவர்களிடம் போனால் "இது பகிடிதானே" என்ற பதில் கிடைக்கிறது.

பகிடிக்கும் வதைக்கும் இடையிலுள்ள கோட்டைத் தெளிவாகப் போட்டவர், 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கிய டான் ஒல்வேயஸ். சுவீடனில் பிறந்து நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர். அவர் பார்க்கச் சொன்னவை மூன்று: நோகடிக்கும் எண்ணம் இருக்கிறதா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, செய்கிறவருக்கும் படுகிறவருக்கும் இடையில் பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா. இந்த மூன்றாவதுதான் எங்கள் ஊர்களில் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. பலம் என்றால் உடம்பு மட்டுமல்ல. கூட்டாளிகளின் எண்ணிக்கை, தகப்பனின் செல்வாக்கு, சாதி, காசு, வகுப்புக் குறூப்பின் அட்மின் பதவி எல்லாம் பலம்தான். போனில் நடக்கும்போது "திரும்பத் திரும்ப" என்பதையும் வேறு விதமாகப் பார்க்க வேண்டும். போட்டவர் ஒருதரம்தான் போட்டிருப்பார். அதை நூறு பேர் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு அது நூறுதரம் நடந்ததுதான்.

பலம் சமமாக இருக்கிற இரண்டு பிள்ளைகள் அடிபட்டால் அது சண்டை. சண்டைக்குச் சமாதானம் சரியான மருந்து. வதைக்கு அதே மருந்தைக் கொடுக்கும்போதுதான் பிழைக்கிறது. அதிபரின் அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்பாட்டி, "என்ன பிரச்சினை, சொல்லுங்கோ" என்று கேட்பார்கள். படுகிற பிள்ளை மற்றவனின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்லை சேர்" என்று சொல்லும். "சரி, ரெண்டு பேரும் கை குடுங்கோ. இனி இப்பிடிச் செய்யக் கூடாது" என்று அனுப்பிவிடுவார்கள். "ரெண்டு பேரும்" என்ற அந்த ஒரு சொல்லிலேயே படுகிற பிள்ளையும் குற்றவாளி ஆகிவிட்டது. கதவுக்கு வெளியே வந்ததும், "சேரிட்டப் போய் என்னடா கிழிச்சனி?" என்ற கேள்வி காத்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒருவரிடமும் வாய் திறக்காது.

பள்ளிக்கூடம், வீடு, பொலிஸ், எந்த இடமாக இருந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சொன்னதால் அந்தப் பிள்ளை எதை இழந்தது? போனை இழந்ததா, ரியூசனை இழந்ததா, வகுப்பு மாற்றப்பட்டதா, அடி வாங்கியதா? ஏதாவது ஒன்றை இழந்திருந்தால் அந்த நடவடிக்கை பிழை.

வன்னியில் பிள்ளைகள் சொல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே பட்டம் தெளிப்பது பெரும்பாலும் வீட்டுக் கதையைத் தொட்டுத்தான். தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர், தாய் தனியே இருக்கிறா, அண்ணனுக்கு ஷெல் பட்டுக் கால் இல்லை, பெற்றோர் இயக்கத்தில் இருந்தவர்கள், தாத்தா பாட்டி மலையகத்திலிருந்து வந்து குடியேறினவர்கள், வீடு இன்னும் தகரக் கொட்டில். தன்னைப் பற்றிச் சொன்னதை ஒரு பிள்ளை வீட்டில் சொல்லலாம். தாயைப் பற்றி வகுப்பில் சொன்னதைத் தாயிடமே எப்படிச் சொல்லும்? அம்மா அழுவா என்று அதற்குத் தெரியும். அது பயத்தில் மறைக்கவில்லை, அம்மாவைக் காப்பாற்றுகிறது. அதனால் "என்ன சொன்னவங்கள், சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள். அந்தச் சொற்களைப் பிள்ளை தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஒரு கொப்பித்தாளில் எழுதித் தரட்டும், அல்லது போனைத் திறந்து நீட்டட்டும். சித்தி, மாமி, அம்மம்மா என்று வேறொருவரிடம் சொல்ல விரும்பினால் அதையும் விடுங்கள்.

வாயால் சொல்லாவிட்டாலும் சில அடையாளங்கள் தெரியும். சைக்கிளுக்கு அடிக்கடி காற்றுப் போகும். குறுக்குப் பாதை இருக்கும்போது சுற்றுப் பாதையால் வரும். ஞாயிறு பின்னேரம் வயிற்றுக்குத்து தொடங்கும், வெள்ளி பின்னேரம் வராது. மெசேஜ் சத்தம் கேட்டதும் போனைக் கவிழ்த்து வைக்கும். ஆசையாகப் போன ரியூசனுக்குத் திடீரென்று போக மறுக்கும். ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். ஒரே மாதத்தில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கேளுங்கள். முகத்துக்கு நேரே இருத்திக் கேட்பதை விட, சைக்கிளில் பக்கத்தில் போகும்போதோ கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதோ கேட்டால் பதில் வரும்.

சொன்ன முதல் பத்து நிமிசத்தில் பெற்றோர் செய்வதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கிறது. இங்கே பல வீடுகளில் 2020, 2021இல் பாடங்கள் வட்ஸ்அப்புக்கும் சூமுக்கும் மாறின காலத்தில்தான் பிள்ளையின் கைக்குப் போன் வந்தது. கஷ்டப்பட்டு வாங்கிக் கொடுத்த போன். அதனால் பிரச்சினை என்றதும் தாய் தகப்பனின் முதல் வேலை போனைப் பறிப்பது. அது பிள்ளைக்குத் தண்டனை. போட்டவர்கள் குறூப்பில் தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். பார்க்க முடியாமற் போவது படுகிற பிள்ளைக்கு மட்டும்தான், ஆதாரமும் சேர்ந்து கையை விட்டுப் போகும். "நீ சொன்னது நல்லது. போனைப் பறிக்க மாட்டன். உன்னைக் கேக்காமல் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். உயிருக்கு ஆபத்தெண்டால் மட்டும் உடனே சொல்லுவன்." இந்த நான்கு வசனம் போதும். "நீ என்ன செய்தனி?" என்ற கேள்வியை அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது ஆதாரம். வரிசை முக்கியம்: முதலில் ஆதாரம், பிறகு முறையிடுதல், கடைசியாகத் தடுத்தல். பெரும்பாலானவர்கள் கோபத்தில் முதலிலேயே புளொக் செய்து உரையாடலையும் அழித்துவிடுகிறார்கள். வட்ஸ்அப்பில் முறையிடும் பெட்டியிலேயே உரையாடலை அழிக்கும் தெரிவும் சேர்ந்து வரும். அதிலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டுத்தான் அழுத்த வேண்டும்.

ஸ்கிரீன்சொட் எடுக்கும்போது முழுத்திரையும் வர வேண்டும். மேலே குறூப்பின் பெயர், செய்தியின் நேரம், மேற்கோளாக இழுத்த பழைய செய்தி எல்லாம் தெரியட்டும். வெட்டவோ சிவப்பு வட்டம் போடவோ வேண்டாம். நீளமான உரையாடல் என்றால் ஒவ்வொரு படத்திலும் முந்திய படத்தின் கடைசிச் செய்தி மறுபடி வருமாறு எடுங்கள். அப்போதுதான் இடையில் எதையும் ஒளிக்கவில்லை என்று காட்டலாம். அனுப்பியவரை உங்கள் போனில் "கஜன் 9B" என்று சேமித்திருந்தால் படத்தில் அந்தப் பெயர்தான் விழும், நம்பர் விழாது. அதனால் அவருடைய தொடர்பு விபரப் பக்கத்தைத் திறந்து நம்பர் தெரியும்படி தனியாக ஒரு படம் எடுங்கள். குறூப் விபரப் பக்கத்தையும், அட்மின் யார் என்பதையும் எடுங்கள். ஒருதரம் மட்டும் பார்க்கக்கூடிய படத்தை வட்ஸ்அப் ஸ்கிரீன்சொட் எடுக்க விடாது, இன்னொரு போனால்தான் எடுக்க வேண்டும். மறையும் செய்திகள் 24 மணித்தியாலம், 7 நாள், 90 நாள் என்று வைக்கப்பட்டிருக்கும், "எல்லோருக்கும் அழி" என்பதும் இரண்டு நாளைத் தாண்டி வேலை செய்யும். ஆகவே நாளைக்கு எடுப்போம் என்று விடாதீர்கள். பேஸ்புக்கில் பெயரையும் படத்தையும் எந்த நேரமும் மாற்றலாம். கணக்கின் இணைப்பைப் பிரதி எடுத்துத் திகதியோடு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் போனுக்கு அனுப்பி, ஒரு பிரதியை அச்செடுத்தும் வைத்தால் நல்லது. கொமினிகேசன் கடையில் அச்செடுப்பதாக இருந்தால் பக்கத்திலேயே நின்று, முடிந்ததும் கடைக் கணினியிலிருந்து கோப்பை அழிப்பித்துவிட்டு வாருங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உடுப்பில்லாத படமோ அந்தரங்கப் படமோ என்றால் அந்தப் படத்தைப் பிரதி எடுக்கவும் வேண்டாம், "ஆதாரம்" என்று ரீச்சருக்கோ உறவினருக்கோ அனுப்பவும் வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவரின் அப்படியான படத்தை எடுப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். நல்ல நோக்கத்தோடு அனுப்பினாலும் படம் இன்னொரு போனுக்குப் போய்விடும். கணக்கின் இணைப்பு, நம்பர், மிரட்டிய வசனங்கள், திகதி ஆகியவை போதும். காசு கேட்டு மிரட்டினால் ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தவரிடம்தான் திரும்பக் கேட்பார்கள். ரீலோட் போடச் சொன்ன நம்பரோ வங்கிக் கணக்கு இலக்கமோ நல்ல ஆதாரம், எழுதி வையுங்கள். பதில் எழுதுவதை நிற்பாட்டுங்கள், ஆனால் கணக்கை அழிக்க வேண்டாம்.

இப்படியான படங்களுக்கு 2023இல் தொடங்கிய "ரேக் இற் டவுன்" (Take It Down) என்ற இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு எங்கும் போகாது. படத்திலிருந்து ஒரு இலக்கக் கைரேகையை, அதாவது அந்தப் படத்துக்கே உரிய ஒரு குறியீட்டை மட்டும் போனிலேயே உண்டாக்கி, பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக், ஸ்னப்சட் போன்ற தளங்களுக்குக் கொடுக்கும். அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் பிடிபடும். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படங்களுக்கு இது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு "ஸ்ரொப் என்சிஐஐ" (StopNCII) என்று இன்னொன்று உண்டு. ஒன்றை விளங்கி வைத்துக்கொள்ளுங்கள்: தனிப்பட்ட வட்ஸ்அப் உரையாடல்களுக்குள் சுற்றும் படத்தை இது கண்டுபிடிக்காது. அங்கே ஆட்களைத்தான் பிடிக்க வேண்டும்.

ஆதாரம் எடுத்தபின் முறையிடுங்கள். வட்ஸ்அப்பில் ஒருவரை முறையிட்டால் அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், அவருக்கு அறிவித்தல் போகாது. ஆகவே கெட்ட செய்தி வந்த கையோடு முறையிட்டால்தான் அந்த ஐந்துக்குள் அது இருக்கும். பேஸ்புக்கில் பிள்ளையின் பெயரில் போலிக் கணக்கு என்றால் "வேறொருவராக நடிக்கிறார்" என்ற தெரிவைப் பிடிக்க வேண்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதைப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. "எல்லாரும் ரிப்போட் அடியுங்கோ" என்று போலிக் கணக்கின் படத்தைச் சுவரில் பகிர்வது எங்கள் ஆட்களின் வழக்கம். எத்தனை பேர் முறையிட்டார்கள் என்பதை வைத்து நீக்குவதில்லை. அதுவரை அந்தக் கணக்கைக் காணாத ஊர் முழுவதும் காண்பதுதான் மிச்சம். வெளிநாட்டிலிருக்கும் மாமாமார் நேரலையில் வந்து மற்றப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஏசுவதும் அப்படித்தான். பாசத்தில் செய்வார்கள், ஆனால் அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியது இங்கே இருக்கிற பிள்ளை.

பிறகு தடுக்கலாம். வட்ஸ்அப்பின் அந்தரங்க அமைப்பில், குறூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை "எனது தொடர்புகள்" என்று மாற்றுங்கள். இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பகுதியைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். போனை ஒரு நிமிசம் வாங்கி வைத்திருந்தவர் அதன் வழியாக எல்லாச் செய்தியையும் வாசித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு படிச் சரிபார்ப்பு என்ற பகுதியில் ஆறு இலக்க இரகசிய எண்ணையும் போட்டுவிடுங்கள். இன்ஸ்ரகிராமில் முழுதாகத் தடுப்பதற்குப் பதில் "கட்டுப்படுத்து" என்ற தெரிவு இருக்கிறது. அவர் எழுதும் கருத்து அவருக்கு மட்டும் தெரியும், தான் கட்டுப்படுத்தப்பட்டது தெரியாது. வகுப்பில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு இது நல்ல வழி. ரிக்ரொக் 16 வயதுக்குட்பட்டவர்களின் கணக்கைத் தானாகவே தனிப்பட்டதாக வைக்கும், நேரடிச் செய்தியையும் கொடுக்காது. ஆனால் பிள்ளை பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது. உண்மை வயதைப் போட்டுப் புதுக் கணக்குத் திறப்பது நல்லது.

பள்ளிக்கூடத்துக்கு வாயால் மட்டும் முறையிடாமல் ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். திகதி, இடம், என்ன நடந்தது, யார் கண்டது, என்ன வேண்டும். பிரதியில் அதிபரின் கையொப்பத்தை வாங்குங்கள், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். "தண்டிக்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் பிரம்படியில் முடியும். அடி வாங்கினவன் அந்தக் கோபத்தையும் உங்கள் பிள்ளையில்தான் காட்டுவான். இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடக் கூடாது, எங்கள் பிள்ளையை வகுப்பு மாற்றக் கூடாது, வருகிற இரண்டு கிழமை இடைவேளையில் யார் கண் வைத்திருப்பார் என்று ஒரு ஆசிரியரின் பெயர் வேண்டும் என்று எழுதுங்கள். "ரியூசனில நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று பள்ளிக்கூடம் சொல்லும், ரியூசன்காரர் பள்ளிக்கூடத்தைக் காட்டுவார். இரண்டு இடத்திலும் அதே பிள்ளைகள்தான் இருக்கிறார்கள் என்றால் கடிதத்தின் பிரதியை இரண்டு பேருக்கும் கொடுங்கள். அசைவில்லாவிட்டால் வலயக் கல்வி அலுவலகம்.

ஆசிரியர்களுக்கு: சுவீடனைச் சேர்ந்த அனத்தோல் பிக்காஸ் உருவாக்கிய முறை ஒன்று இங்கே நன்றாகப் பொருந்தும். சம்பந்தப்பட்டவர்களைக் கூட்டமாகக் கூப்பிடாமல் ஒவ்வொருவராக, ஒருவர் போய் மற்றவரோடு கதைக்க முந்தி அடுத்தவரைக் கூப்பிடுங்கள். பாட நேரத்தில் செய்தால் சுலபம். "நீதானே செய்தனி?" என்று தொடங்கினால் மறுப்புத்தான் வரும். "அந்தப் பிள்ளைக்கு வகுப்பில இருக்கேலாமல் இருக்கு. நீ என்ன கண்டனி?" என்று தொடங்குங்கள், பிறகு "நாளையில இருந்து நீ என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். வாக்குறுதி சிறிதாக இருக்கட்டும்: ஸ்ரிக்கரை அழிக்கிறது, அனுப்பினவனுக்குச் சிரிப்புப் போடாமல் விடுகிறது. கூட்டமாக இருக்கும்போது வீரம் காட்டினவன் தனியே இருக்கும்போது வேறு ஆள். ஒரு கிழமையில் அதே ஆட்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்காவிட்டால் செய்த வேலை வீண்.

பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகள்தான் பெரிய பலம். 2001இல் வெளியான கனேடிய ஆய்வொன்று பள்ளிக்கூட முற்றங்களில் எடுத்த ஒளிப்பதிவுகளை வைத்துப் பார்த்தது. மற்றப் பிள்ளைகள் தலையிட்டது 19 வீதமான சம்பவங்களில் மட்டும். ஆனால் அப்படித் தலையிட்டபோது 57 வீதமான தரம் பத்து விநாடிக்குள் வதை நின்றது. தலையிடுவது என்றால் மல்லுக்கு நிற்பது அல்ல. "வாடா, கன்ரீனுக்குப் போவம்" என்று படுகிறவனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் போதும். குறூப்பில் என்றால் வேறு பாடக் கேள்வி ஒன்றைப் போட்டுக் கதையைத் திருப்பலாம், படுகிற பிள்ளைக்குத் தனியே இரண்டு வரி எழுதலாம். அதுவும் ஏலாவிட்டால் குறூப்பை விட்டு விலகலாம். இப்போது அது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிக்கப்படும்.

வெளி உதவி என்றால் முதலில் 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம், 24 மணித்தியாலமும் இயங்கும், தமிழில் கதைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். வேறு அலுவலாகப் போவதுபோல் போய் அவர்களைச் சந்திக்கலாம், ஊருக்குத் தெரியத் தேவையில்லை. கணக்குத் திருட்டு, போலிக் கணக்குக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) அமைப்பின் இலக்கம் 101. மிரட்டல், அடி, அந்தரங்கப் படம் என்றால் பொலிசின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள், விளங்காத மொழியில் எழுதினதில் கையொப்பம் வைக்க வேண்டாம், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் திரும்ப வேண்டாம். நம்பரை வைத்துத் தேடும்போது முதலில் வருவது சிம் யாருடைய அடையாள அட்டையில் இருக்கிறதோ அவருடைய பெயர். பிள்ளை செய்ததற்குத் தாயை விசாரணைக்குக் கூப்பிடுவது இதனால்தான். குற்றப் பொறுப்புக்கான ஆகக் குறைந்த வயது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு 12 ஆக இருக்கிறது. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று நினைக்கிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்தது உங்கள் பிள்ளை என்று கடிதம் வந்தால் அடிக்காதீர்கள், "என்ர பிள்ளை அப்பிடிச் செய்யாது" என்று சண்டைக்குப் போகவும் வேண்டாம். போனை எடுத்துப் பக்கத்தில் இருத்தி, போட்டதை எல்லாம் அழிக்கச் சொல்லுங்கள், ஆனால் மற்றப் பக்கத்தார் ஆதாரம் எடுத்த பிறகு. பொய் பரப்பியிருந்தால் எந்தக் குறூப்பில் பரப்பினதோ அதே குறூப்பில் "நான் போட்டது பொய்" என்று எழுதட்டும். கட்டாயப்படுத்தி நேரில் மன்னிப்புக் கேட்க வைப்பதில் பயனில்லை, படுகிற பிள்ளை அவனை மறுபடி முகம் பார்க்க வேண்டி வரும். தன்னை யாரும் வேறெங்கோ வதைக்கிறார்களா என்றும் கேளுங்கள். இரண்டு பக்கத்திலும் இருக்கிற பிள்ளைகள் உண்டு.

சாப்பாடு இறங்காமல், நித்திரை இல்லாமல் இரண்டு கிழமை போனாலோ, "நான் இல்லாட்டி நல்லம்" என்ற மாதிரி ஒரு வசனம் வந்தாலோ அதைப் பயமுறுத்தலாக எடுக்க வேண்டாம். "சாக வேணும் போல இருக்கோ?" என்று நேரே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அன்றிரவு தனியே விடாதீர்கள், பூச்சி மருந்துப் போத்தல்களையும் குளிசைகளையும் வீட்டை விட்டு அகற்றிப் பூட்டுங்கள். வயல் செய்கிற வீடுகளில் இதை முதலில் செய்ய வேண்டும். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். அடுத்த நாள் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்.

எல்லாம் அடங்கினபிறகும் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாம் நாள், ஒரு கிழமை, ஒரு மாதம், அடுத்த தவணை தொடங்குகிற கிழமை. "இப்ப பிரச்சினை இல்லைத்தானே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "இண்டைக்கு இடைவேளையில ஆரோட இருந்தனி? பஸ்ஸில எங்க இருந்தனி? அந்தக் குறூப்பில கடைசியா என்ன வந்தது?" என்று கேளுங்கள்.